காலிப் பெட்டிக்கும் கணக்கு உண்டு

தில்லியில் பிரகதி மைதானம் என்ற பெரிய இடம் இருக்கிறது. அங்கே நவம்பர் மாதத்தில் பன்னாட்டு வர்த்தகக் கண்காட்சி நடக்கும். இது 1980-இல் தொடங்கியது. வழக்கமாக நவம்பர் 14 முதல் 27 வரை நடக்கும். பல மாநிலத்துக் கைத்தொழிலாளர்களும் அங்கே கடை போடுவார்கள்.

உத்தரப் பிரதேசத்தில் குர்ஜா என்று ஓர் ஊர். பீங்கான் சாமான்களுக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து ஒரு மகளிர் குழு கண்காட்சிக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கோப்பை, தட்டு, ஊறுகாய் ஜாடி எல்லாம் 12 மரப்பெட்டிகளில் வந்தன. உடையாமல் இருக்க உள்ளே வைக்கோல்.

3 பெட்டிகளைப் பிரித்தார்கள். சிறிய கடை நிறைந்துவிட்டது. 9 பெட்டி சரக்கு மீதி. காலிப் பெட்டி 3. தரையெல்லாம் வைக்கோல்.

“எல்லாவற்றையும் திரைக்குப் பின்னால் தள்ளிவிடலாம் அக்கா. யார் கண்ணுக்கும் தெரியாது” என்றாள் இளையவள்.

“கண்ணுக்குத் தெரியாது. நெருப்புக்குத் தெரியுமே!” என்றாள் மூத்தவள்.

அவள் சொன்னது சரிதான். கடைக்குப் பின்னால் மின்கம்பிகள் போகும். ஒரு பொறி போதும், வைக்கோல் பற்றிக்கொள்ளும். வழியில் பெட்டி கிடந்தால் தப்பி ஓடவும் முடியாது. 2006 ஏப்ரல் 10 அன்று மீரட் நகரில் ஒரு பொருட்காட்சிப் பந்தலில் தீப்பிடித்தது. 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

“அப்படியானால் காலிப் பெட்டியைக் குப்பையில் போட்டுவிடலாமா?”

“போட்டுவிட்டால், விற்காத சாமானை எதில் வைத்து ஊருக்குக் கொண்டுபோவது? முதலில் உள்ளே கையை விட்டுப் பார்.”

இளையவள் வைக்கோலைக் கிளறினாள். அடியில் 6 கோப்பைகள் இருந்தன! அவள் முகம் மாறிவிட்டது. “நல்லவேளை அக்கா. குப்பைக்குப் போயிருக்கும்” என்றாள்.

பிறகு அவர்கள் செய்தது இதுதான்:

1. கண்காட்சி நடத்துபவர்களிடம் கிடங்கு எங்கே என்று கேட்டார்கள்.

2. வைக்கோலைக் கூட்டி அள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடினார்கள்.

3. ஒவ்வொரு பெட்டியிலும் சீட்டு ஒட்டினார்கள். குழுவின் பெயர், கடை எண், பெட்டி எண் எழுதினார்கள். ‘சரக்கு’ அல்லது ‘காலி’ என்றும் எழுதினார்கள்.

4. சரக்குப் பெட்டிகளைத் தரையில் வைக்காமல் பலகைமேல் அடுக்கினார்கள். ஜாடிப் பெட்டி கனமானது. அதை அடியில் வைத்தார்கள். காலிப் பெட்டிகளைத் தனியாக வைத்தார்கள்.

5. கிடங்கில் ஒப்படைத்ததற்கு ரசீது வாங்கினார்கள்.

6. சரக்கு எடுக்கும்போதெல்லாம் நோட்டில் தேதி, எடுத்தது, மீதி எழுதினார்கள்.

சீட்டுகளை எழுதியவள் இளையவள்தான். அவள் எழுதப் படிக்கக் கற்று ஓர் ஆண்டுதான் ஆகிறது. முன்பெல்லாம் பெட்டியில் கரியால் கோடு போடுவாள். அந்தக் கோடு அவளுக்கு மட்டும்தான் புரியும். இப்போது அவள் ஊருக்குப் போயிருந்தாலும் மற்றவர்கள் சீட்டைப் படித்துச் சரியான பெட்டியை எடுக்கலாம்.

பேசுவோம்

காலிப் பெட்டியைக் கடைக்குப் பின்னால் வைத்தால் என்ன ஆபத்து? உங்கள் ஊர்ச் சந்தையில் காலிப் பெட்டிகளை எங்கே வைக்கிறார்கள்?

கணக்குப் போடுவோம்

கிடங்கில் 9 பெட்டி சரக்கு இருந்தது. 16-ஆம் தேதி 2 பெட்டி எடுத்தார்கள். 20-ஆம் தேதி 3 பெட்டி எடுத்தார்கள். மீதி எத்தனை? எடுத்தவற்றையெல்லாம் பிரித்துவிட்டால் மொத்தம் காலிப் பெட்டி எத்தனை?

எழுதுவோம்

உங்கள் வீட்டில் உள்ள ஒரு பெட்டிக்குச் சீட்டு எழுதி ஒட்டுங்கள்.