விக்டோரியா அருவிக்குப் போகிறீர்களா?

ஜிம்பாப்வே, ஜாம்பியா நாடுகளின் எல்லையில் ஜாம்பசி ஆறு 1,708 மீட்டர் அகலத்துக்கு விரிந்து கொட்டும் இடம் இது. போகுமுன் சில குறிப்புகள்:

* எப்போது? மார்ச் முதல் மே வரை வெள்ளம் உச்சத்தில் இருக்கும். சாரல் எழும்பி எதிர்க்கரையில் மழையாகவே பெய்யும். மழைக்கோட்டும், செல்போனுக்குப் பிளாஸ்டிக் உறையும் அவசியம். அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் வெறும் பாறைதான் தெரியும். அப்போது ஜிம்பாப்வே பக்கம் செல்லுங்கள்.

* தங்க: விக்டோரியா ஃபால்ஸ் ஊரில் தங்கினால் அருவிக்கு நடந்தே போகலாம். ஜாம்பியாவின் லிவிங்ஸ்டன் ஊரிலிருந்து சுமார் 10 கி.மீ.; வாடகைக் கார் வேண்டும்.

* சாப்பிட: மக்காச்சோள மாவைக் கிண்டிச் செய்யும் 'சட்சா' நம்மூர்க் களி மாதிரி. கையால் உருட்டி, கீரையில் தொட்டுச் சாப்பிடுவார்கள். சைவ உணவுக்காரர்களுக்கு ஏற்றது; ஆனால் உடன் வரும் குழம்பில் இறைச்சி உண்டா என்று முதலில் கேளுங்கள்.

* பார்க்க: மாலைப் படகுச் சவாரியில் நீர்யானைகளைக் காணலாம். நீர் மிகுந்த மாதங்களில், பௌர்ணமி இரவில் நிலவொளி வானவில் தோன்றும். துணிச்சல்காரர்களுக்கு 1905-இல் கட்டிய பாலத்திலிருந்து 111 மீட்டர் பஞ்சி ஜம்ப்.

* கவனம்: மலேரியா உள்ள பகுதி. கிளம்புமுன் மருத்துவரிடம் தடுப்பு மாத்திரை கேளுங்கள். பபூன் குரங்குகள் தின்பண்டப் பையைப் பறிக்கும். இரவில் யானைகள் சாலைக்கு வரும். இருட்டிய பின் நடந்து போகவே போகாதீர்கள்.