வாசலில் வைத்த பூட்ஸ்

அன்புள்ள இளங்கோவுக்கு,

ஆங்கில நாவல்களில் விடுதிக்கு வரும் பயணிகள் இரவில் பூட்ஸைக் கழற்றி அறைக்கு வெளியே வைத்துவிட்டுத் தூங்கிவிடுகிறார்களே, காலையில் ஜோடி மாறிப்போகாதா என்று கேட்டிருந்தாய். மாறாது. அதற்கென்றே ஓர் ஆள் இருந்தான். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் அவனைக் கூப்பிடுவதே ‘பூட்ஸ்’ என்றுதான்.

எல்லோரும் படுத்தபின் வாசல் வாசலாகப் போய்ச் சேகரிப்பான். அடித்தோலில் சுண்ணக்கட்டியால் அறை எண்ணை எழுதிக்கொள்வான். குதிரைகள் ஓடிய தெருக்களின் சேறும் சாணமும் காய்ந்து ஒட்டியிருக்கும். முதலில் அதைச் சுரண்ட வேண்டும். பிறகு எலும்புக் கரி, சர்க்கரைப் பாகு, காடி, எண்ணெய் கலந்த கறுப்புப் பசையைப் பூசி, பளபளப்பு ஏறும்வரை பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். விருந்தினர் கண்விழிக்கும்போது பூட்ஸ் வாசலில் இருக்க வேண்டும். அவர்கள் தரும் சில்லறையை நம்பியே பிழைப்பு.

சார்லஸ் டிக்கன்ஸின் ‘பிக்விக் பேப்பர்ஸ்’ 10ஆம் அத்தியாயத்தைப் படித்துப் பார். லண்டன் சவுத்வார்க்கில் ஒயிட் ஹார்ட் விடுதியின் முற்றத்தில் சாம் வெல்லர் பூட்ஸ் துடைத்துக்கொண்டிருப்பான். ஓடிவந்த ஒரு ஜோடியைத் தேடி மூவர் வருகிறார்கள். அரை கினி பணம் தருவதாகச் சொல்லி, உள்ளே யார் யார் என்று கேட்கிறார்கள். சாம் ஒரு பெயரும் சொல்வதில்லை. ஆறாம் எண்ணில் ஒரு மரக்கால், பதின்மூன்றில் ஒரு ஜோடி ஹெஸ்ஸியன் பூட்ஸ் என்று காலணிகளாகவே அடுக்குகிறான். ஐந்தாம் எண்ணில் நன்றாகத் தேய்ந்த வெலிங்டன் பூட்ஸ், கூடவே ஒரு பெண்ணின் ஷூ. அதைச் செய்தவரின் பெயரும் ஊரும் தெரிந்ததும் ஆள் அகப்பட்டாயிற்று!

மாதாந்திரப் பகுதிகளாக 1836இல் வெளிவரத் தொடங்கிய அந்தக் கதை முதலில் அதிகம் விற்கவில்லை. சாம் வந்த பிறகுதான் விற்பனை ஏறி, முடிவில் 40,000 பிரதிகளைத் தொட்டது.

பூட்ஸுக்குப் பூசும் அந்தக் கறுப்புப் பசை டிக்கன்ஸுக்குச் சிறுவயதிலேயே பழக்கம். 1824இல், கடனுக்காக அப்பா சவுத்வார்க்கின் மார்ஷல்சீ சிறையில் இருந்தபோது, 12 வயதுப் பையன் தேம்ஸ் கரையில் ஒரு பாலிஷ் கிடங்கில் டப்பாக்களுக்கு லேபிள் ஒட்டினான். வாரக் கூலி ஆறு ஷில்லிங். அந்த நாட்களை அவர் வெளியே சொன்னதில்லை. அவர் இறந்தபின் நண்பர் ஃபார்ஸ்டர் எழுதிய வாழ்க்கை வரலாற்றில்தான் ஊர் அறிந்தது.

இனி எந்த நாவலை எடுத்தாலும், எஜமானர்கள் எழும் முன்பே எழுந்து வேலை பார்க்கிறவர்கள் யார் என்று கவனி. கதாநாயகர்கள் தேடி அலையும் செய்தி பெரும்பாலும் அவர்கள் கையில் இருக்கும்.

அன்புடன்,
சித்தப்பா