காப்புப் பிரதி ஏன் பெருக்கிறது? காரணமான கோப்புகளைக் கண்டுபிடிக்கும் வழி



கணனியில் உள்ளவற்றுக்குக் காப்புப் பிரதி, அதாவது பாக்கப், எடுத்து வைக்க வேண்டும் என்பதை எம்மவர் பலரும் அறிவர். அதற்கென வெளி வன்தட்டு ஒன்றை வாங்கி இணைத்துவிட்டு, இனிக் கவலையில்லை என்று இருப்போம். சில மாதங்களில் "இடம் போதாது" என்ற அறிவித்தல் வரும். கணனியில் உள்ளதோ 200 ஜிகாபைட். வாங்கிய தட்டோ 1000 ஜிகாபைட். மிகுதி இடம் எங்கே போயிற்று? இதைக் கண்டுபிடிக்கும் முறையை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

இன்னொரு தட்டு வாங்கினால் முடிந்தது என்று சிலர் கூறக்கூடும். ஆனால் தட்டு நிரம்பியதும் நடப்பதைக் கவனிக்க வேண்டும். சில மென்பொருள்கள் அன்றிலிருந்து பிரதி எடுப்பதை நிறுத்திவிடும். மக் கணனியிலுள்ள டைம் மெஷின் மிகப் பழைய பிரதிகளை அழித்துப் புதியவற்றுக்கு இடம் தேடும். சென்ற வருடம் தவறுதலாக அழிந்த ஒரு படம் அந்தப் பழைய பிரதியில் மட்டுமே இருந்தால், அதுவும் போய்விடும். வேண்டாத பெரிய கோப்பு ஒன்று, வேண்டிய சிறிய கோப்பை வெளியே தள்ளிவிடுகிறது.

ஒரே பிரதியை நம்பியிருப்பதன் விலையை எமது சமூகம் அறியும். 1981ம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றுள் இருந்தன. இங்கு வந்த குடும்பங்கள் பலவற்றிடம் எஞ்சியவை ஒரு காணி உறுதி, சில பிறப்பு அத்தாட்சிப் பத்திரங்கள், ஓரிரு திருமணப் படங்கள் மட்டுமே. அவற்றை ஸ்கான் செய்து கணனியில் வைத்திருக்கிறோம். நாம் காக்க முனைவது இவற்றைத்தான்.

1. பருமன் வேறு, பெருக்கம் வேறு

கணக்கியலில் ஐந்தொகை ஒரு நாளின் நிலைமையைக் காட்டும். இலாப நட்டக் கணக்கு ஒரு காலப் பகுதியில் நடந்ததைக் காட்டும். கோப்பின் பருமன் ஐந்தொகை போன்றது. காப்புப் பிரதியின் பெருக்கம் காலப் பகுதியின் செலவு போன்றது. ஆகவே ஒரு கோப்பு எவ்வளவு பெரியது என்பதோடு, அது எத்தனை தடவை மாறுகிறது என்றும் கேட்க வேண்டும்.

உதாரணமாக, 13 ஜிகாபைட் வீடியோ ஒன்று மாறாமலே கிடந்தால் ஒரு தடவை மட்டுமே பிரதியாகும். 4 ஜிகாபைட் மின்னஞ்சல் கோப்பு ஒன்றோ ஒரு கடிதம் வந்தாலும் மாறிவிடும். மாறிய கோப்பை முழுதாகப் பிரதி எடுக்கும் மென்பொருளாயின், 30 நாட்களில் அது 120 ஜிகாபைட்டை விழுங்கும். இங்கே காரணம் சிறிய கோப்பே.

2. பெரியவற்றைக் காணுதல்

விண்டோஸ் கணனியின் கோப்புப் பட்டியலில் தனிக் கோப்பின் பருமன் தெரியும். கோப்புறையின் பருமன் அந்த நிரலில் தெரியாது. ஆகவே அதற்கென உள்ள மென்பொருள் தேவை.

அமெரிக்காவின் மேரிலாந்துப் பல்கலைக்கழகத்தில் 1990ம் ஆண்டு இதே தொல்லை ஏற்பட்டது. 14 பேர் பகிர்ந்த 80 மெகாபைட் வன்தட்டு நிரம்பிவிட்டது. யாருடைய கோப்பு இடத்தைப் பிடிக்கிறது என்று காண்பதற்காகப் பேராசிரியர் பென் ஷ்னைடர்மன் ஒரு வழியை வகுத்தார். ஒவ்வொரு கோப்பையும் அதன் பருமனுக்கு ஏற்ற செவ்வகமாக வரைந்து, முழுத் தட்டையும் ஒரே படமாகக் காட்டுவதே அவ்வழி. ட்ரீமாப் என்று அதற்குப் பெயர். விண்டோஸுக்கு 2003ல் வெளிவந்த இலவச மென்பொருளான வின்டர்ஸ்டாட் இப்படத்தை வரைந்து தருகிறது. மக் கணனியில் கிராண்ட்பெர்ஸ்பெக்டிவ் அதையே செய்கிறது. எந்தச் செவ்வகம் பெரிதோ அதைத் தொட்டால் கோப்பின் பெயரும் இருப்பிடமும் தெரியும்.

3. மாறுபவற்றைக் காணுதல்

பிரதி திடீரெனப் பெருத்த நாளின் அறிக்கையை அதற்கு முந்திய நாளின் அறிக்கையோடு ஒப்பிடுங்கள். வங்கிக் கூற்றைக் காசேட்டோடு சரிபார்ப்பது போல, இரண்டிலும் உள்ளவற்றை நீக்கினால் எஞ்சுவதே விடை. அறிக்கை இல்லையெனில், கோப்புகளை மாற்றிய திகதிப்படி வரிசைப்படுத்தி, அந்நாளில் மாறிய பெரிய கோப்புகளைக் குறித்துக்கொள்ளுங்கள்.

4. வழக்கமாக அகப்படுபவை

(அ) பிரதிக்குள் பிரதி. எம்.வை.ஓ.பி. போன்ற கணக்கு மென்பொருளைத் தமது கணனியிலேயே வைத்திருப்போர் அதனுள்ளும் பிரதி எடுப்பர். ஒவ்வொரு தடவையும் புதிய கோப்பு ஒன்று சேரும். ஐபோனைக் கணனியில் இணைத்து எடுத்த பிரதியும், பழைய கணனியிலிருந்து அப்படியே கொண்டுவந்த கோப்புறையும் இவ்வகையே.

(ஆ) பெயர் மாற்றிய கோப்புறை. படங்கள் உள்ள கோப்புறையின் பெயரை மாற்றினால், சில மென்பொருள்கள் அதைப் புதியதென எண்ணி யாவற்றையும் மீண்டும் பிரதி எடுக்கும்.

(இ) ஸ்கான் செய்த தாள்கள். ஏ4 தாள் ஒன்றை அங்குலத்துக்கு 600 புள்ளிகளாக, வர்ணத்தில், சுருக்காமல் சேமித்தால் ஏறத்தாழ 104 மெகாபைட். 300 புள்ளியாயின் 26 மெகாபைட். புள்ளி பாதியானால் பருமன் காற்பங்காகும்.

(ஈ) பழைய வீடியோ. டிவி எனும் முறையில் கணனிக்கு மாற்றிய ஒரு மணி நேர வீடியோ ஏறத்தாழ 13 ஜிகாபைட். மூன்று மணி நேரத் திருமண வீடியோ 39 ஜிகாபைட்.

(உ) தற்காலிகக் கோப்புகள். இணைய உலாவியின் சேமிப்பு, குப்பைத் தொட்டியில் கிடப்பவை, ஒரு தடவை பார்த்துவிட்டு மறந்த பதிவிறக்கங்கள்.

5. தீர்மானித்தல்

கண்டுபிடித்தவற்றை மூன்றாகப் பிரியுங்கள்.

முதலாவது, மீண்டும் பெறக்கூடியவை. மேலே (உ)வில் கூறியவை இதில் அடங்கும். இவற்றைக் காப்புப் பிரதியிலிருந்து விலக்கலாம்.

இரண்டாவது, பெரியவை ஆனால் மாறாதவை. ஸ்கான் செய்த பத்திரங்களையும் வீடியோக்களையும் இரு தனித் தட்டுகளில் எழுதி வைத்தால் அவை தினசரிப் பிரதியில் இருக்கத் தேவையில்லை. பருமனைக் குறைக்கவென்று மூலப் பிரதியைச் சுருக்கி அழித்துவிடாதீர்கள்.

மூன்றாவது, சிறியவை ஆனால் அடிக்கடி மாறுபவை. கணக்குகளும் கடிதங்களும் இதில் அடங்கும். இவை தினமும் பிரதியாக வேண்டும். அவுஸ்திரேலியாவில் வரிப் பதிவேடுகளைப் பொதுவாக 5 வருடங்களும், கம்பனிகளின் நிதிப் பதிவேடுகளை 7 வருடங்களும் வைத்திருக்க வேண்டும் என்பதையும் மனதிற் கொள்க.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பீற்றர் குரோக் பரப்பிய விதி ஒன்று உண்டு: மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். 2001ம் ஆண்டு நத்தார் காலத்துக் காட்டுத்தீ ஹெலன்ஸ்பர்க் பகுதியையும் தாக்கியதை இங்கு பலர் அறிவர். கணனியும் பிரதியும் ஒரே மேசையில் இருந்தால் இரண்டும் ஒன்றாகவே போகும். சிட்னியில் இருப்பவர் மெல்பேர்னில் உள்ள உறவினர் வீட்டில் ஒரு தட்டைக் கொடுத்து வைக்கலாம்.

எதையும் அழிக்குமுன், காப்புப் பிரதியிலிருந்து ஒரு கோப்பை மீள எடுத்துத் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி பிரதியாகாது. முதலில் அம்மா அப்பாவின் திருமணப் படத்தைத் திறந்து பார்த்தால் நல்லது.