கறவை மாட்டுக்குக் கொழுப்பு: எப்போது, எந்த மாட்டுக்கு?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் தீவனக் கடைகளில் முதல் வயிற்றில் கரையாத பைபாஸ் கொழுப்பை விற்பவர்கள் முதலில் சொல்வது, பாலில் கொழுப்பு ஏறும், பால் சங்கத்தில் விலை கூடும் என்பதுதான். அந்தக் காரணத்துக்காக அதை வாங்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கொழுப்பு அளவு சற்று ஏறுவது உண்மைதான். ஆனால் பாலின் புரதம் கூடாது, சில சமயம் சிறிது குறையவும் செய்யும். பாலுக்கு விலை வைக்கும்போது கொழுப்போடு, புரதமும் அடங்கிய எஸ்.என்.எஃப் எனும் கொழுப்பில்லாத திடப்பொருளையும் பார்க்கிறார்களே! இந்தப் பொருளின் உண்மையான வேலை வேறு. கன்று ஈன்ற மாட்டின் பால் 6 முதல் 8 வாரத்தில் உச்சத்தை எட்டும். தீனி எடுப்பு உச்சத்துக்கு வர 10 முதல் 12 வாரம் ஆகும். இடைப்பட்ட நாட்களில் மாடு தன் உடம்பைக் கரைத்துத்தான் கறக்கிறது. விலா எலும்பு தெரிவதும், பருவத்துக்கு வராமல் மாதங்கள் தள்ளிப்போவதும் இதனால்தான். மாவுச்சத்தைப் போல ஏறக்குறைய இரண்டேகால் மடங்கு எரிசக்தி கொழுப்பில் இருப்பதால், அடர்தீவனத்தை அளவுக்கு மீறித் திணித்து வயிற்றைப் புளிக்க வைக்காமல் அந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டலாம்.

அப்படியென்றால் வீட்டு எண்ணெயையே ஊற்றலாமே, விலையும் குறைவுதானே என்று கேட்பார்கள். கூடாது. எண்ணெய் முதல் வயிற்றில் நார்ப்பொருள் மீது படிந்துவிடும். வைக்கோலைச் செரிக்கும் நுண்ணுயிர்களையும் முடக்கும். நார் செரிக்காவிட்டால் பாலில் கொழுப்பு இறங்கும், எதற்காக ஊற்றினோமோ அதற்கு நேர் எதிராக. பைபாஸ் கொழுப்பு என்பது பெரும்பாலும் பனை எண்ணெய்க் கொழுப்பு அமிலங்களைக் கால்சியத்தோடு சேர்த்துக் கட்டியது. அது முதல் வயிற்றில் கரையாமல் கடந்து, அமிலம் மிகுந்த நான்காம் வயிற்றில்தான் பிரியும். ஆனால் அடர்தீவனம் மிகுந்து முதல் வயிறே புளித்துக் கிடந்தால் அந்தக் கட்டு அங்கேயே அவிழத் தொடங்கிவிடும். முழுப் பருத்திக்கொட்டை இடைப்பட்ட வழி. அதன் எண்ணெய் மெல்ல மெல்லத்தான் வெளிப்படும்.

நம் வட்டாரத்துக்கு இதில் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. தோல் தொழிற்சாலைக் கழிவால் இந்தப் பகுதியில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பாழானதைத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக ஆய்வு மையம் கணக்கிட்டது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பிலேயே அந்தக் கணக்கு பதிவாகியிருக்கிறது. பாலாற்றோரம் உப்பேறிய கிணற்றை வைத்துக்கொண்டு பசுந்தீவனம் போடுவது எளிதல்ல. பச்சை இல்லை, ஆகவே கொழுப்பு போடுகிறோம் என்று சொல்பவர்களின் நெருக்கடி எனக்குப் புரிகிறது. ஆனாலும் நாரின் இடத்தைக் கொழுப்பால் நிரப்ப முடியாது. பாலில் கொழுப்பு உருவாக வேண்டிய மூலப்பொருளில் பெரும்பங்கு நார் செரிப்பதிலிருந்தே வருகிறது. எனவே பணத்தை முதலில் கடலைக்கொடிக்கும் சோளத்தட்டுக்கும் போடுங்கள். வேலியோரம் அகத்தியும் சூபாபுல்லும் நடுங்கள். தாது உப்புக் கலவையையும் நிறுத்த வேண்டாம். கொழுப்பு சேர்க்கும்போது கால்சியத்தின் தேவை கூடுகிறது.

அளவைப் பொறுத்தவரை நாளொன்றுக்கு 100 முதல் 200 கிராம் போதும். சிறிது சிறிதாகத் தொடங்கி ஒரு வாரத்தில் முழு அளவுக்கு வர வேண்டும். வாடை பிடிக்காமல் தீவனத்தை ஒதுக்கும் மாடுகள் உண்டு. அடர்தீவனத்தில் நன்றாகக் கலந்து வைத்தால் பழகிக்கொள்ளும். மொத்தத் தீனியில் உலர் எடைக் கணக்கில் கொழுப்பு 6 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். கிலோ 160 ரூபாய் என்று வைத்தால் 150 கிராமுக்கு 24 ரூபாய் ஆகிறது. லிட்டர் 38 ரூபாய்க்குப் பால் ஊற்றுபவருக்கு அது ஏறக்குறைய 630 மில்லி பாலின் விலை. நாளுக்கு 12 லிட்டரோ அதற்கு மேலோ கறக்கும் கலப்பின மாட்டுக்கு, ஈன்ற முதல் 3 மாதத்தில் இந்தச் செலவு நியாயம். 6 லிட்டர் கறக்கும் மாட்டுக்கும், சினை நிலைத்துப் பால் வற்றிவரும் மாட்டுக்கும் வாங்காதீர்கள். அந்தப் பணத்துக்குக் கடலைக்கொடி வாங்கிப் போடுங்கள்.