சூல்கொண்ட கப்பி மீனுக்கு நேரும் நோய்கள்

உயிர்கள் தோன்றும் வகையை நம் முன்னோர் நான்காகப் பகுத்தனர். முட்டையிற் பிறப்பன, கருப்பையிற் பிறப்பன, வித்திற் பிறப்பன, வியர்வையிற் பிறப்பன என்பன அவை. மீனினம் முதல் வகையைச் சார்ந்ததென்பது பொதுவழக்கு. ஆயினும் கண்ணாடித் தொட்டிகளில் நாம் விரும்பி வளர்க்கும் கப்பி என்னும் சிறு மீன் இப்பகுப்பினுள் எளிதில் அடங்குவதன்று. அதன் கரு முட்டையாகவே தோன்றித் தாயின் வயிற்றகத்தே வளர்ந்து, நீந்தவல்ல குஞ்சாக வெளிப்படுகின்றது. இவ்வியல்பே அதன் சிறப்பு. சூற்காலத்தில் அதற்கு நேரும் இடர்களுக்கும் இதுவே காரணம். அவ்விடர்களையும் அவற்றைத் தடுக்கும் வழிகளையும் சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாம்.

கப்பியின் தாயகம் தென்னமெரிக்காவின் வடபகுதியும் அதனை அடுத்த திரினிடாடுத் தீவுமாகும். 1859-ஆம் ஆண்டில் வில்ஹெல்ம் பீட்டர்ஸ் என்னும் செருமானிய அறிஞர் இதனை முதன்முதல் விளக்கியுரைத்தார். 1866-இல், திரினிடாடில் வாழ்ந்த இராபர்ட் ஜான் லெக்மியர் கப்பி என்பார் பெயரால் மீண்டும் குறிக்கப்பெற்றமையின், அப்பெயரே வழக்கில் நிலைத்தது. கொசுப்புழுக்களை விரும்பி உண்பதாகலின், 1908-ஆம் ஆண்டில் இந்தியாவிற்குக் கொணரப்பெற்றது. தமிழ்நாட்டில் டெங்குக் காய்ச்சலைத் தடுத்தற்பொருட்டுக் கிணறுகளிலும் நீர்த்தொட்டிகளிலும் இம்மீன் விடப்படுகின்றது. நம் திருச்சிராப்பள்ளியில், கே.கே. நகர் முதலிய பகுதிகளின் இல்லங்களில், சிறுவர் முதற்கண் வளர்க்கத் தொடங்குவதும் பெரும்பாலும் இதுவே.

பெண் கப்பி ஆணினும் பருத்தது; வண்ணம் குறைந்தது. ஒருமுறை ஆணோடு கூடியபின், அவ்வித்தினைப் பல திங்கள் தன்னகத்தே காத்துவைத்து, மீண்டும் மீண்டும் சூல்கொள்ள வல்லது. சூற்காலம் ஏறத்தாழ 22 முதல் 30 நாள். பின்வயிற்றில் துடுப்பினருகே தோன்றும் கரும்புள்ளி நாளுக்குநாள் அடர்ந்து பெரிதாதல் சூலின் அடையாளம். ஈனும் வேளை அணுகியவழி வயிறு சதுரமாய்த் தோன்றும்; மீன் இரை வெறுத்துத் தனியிடம் நாடும். இவை நோய்க்குறிகள் அல்ல என்பதை முதலில் உணர்தல் வேண்டும்.

கருவிற்கு வேண்டும் உணவு பெரும்பாலும் முட்டையின் மஞ்சட்கருவிலேயே அமைந்துள்ளது. ஆனால் மூச்சிற்கு வேண்டும் உயிர்வளியைத் தாயே ஈதல் வேண்டும். ஆகவே தாய் மூச்சுத் திணறின், வயிற்றிலுள்ள குஞ்சுகள் அனைத்தும் திணறும். தூய நீர் 25 பாகை வெப்பத்தில் லிட்டருக்கு ஏறத்தாழ 8 மில்லிகிராம் உயிர்வளியை ஏற்கும். 35 பாகையில் 7 மில்லிகிராமே ஏற்கும். வெப்பம் மிகுந்தோறும் மீனின் தேவையோ பெருகுகின்றது. 40 பாகையை எட்டும் நம் ஊர்க் கோடையில், வெயில்படும் சன்னலோரத்துச் சிறு தொட்டியில் சூல்மீன் நீர்மட்டத்திற்கு வந்து வாய்திறந்து தவிப்பதன் காரணம் இதுவே. தொட்டியை நிழலில் வைத்தலும், காற்றுக்குமிழ்க் கருவி இயக்குதலும், நெரிசலைக் குறைத்தலும் இதற்கு மருந்தாம்.

அடுத்துக் கருதற்பாலது நீரின் நஞ்சு. மீனின் கழிவும் எஞ்சிய இரையும் அழுகி அம்மோனியாவாகின்றன. நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் இந்நுண்ணுயிர்கள் பெருகச் சில வாரங்கள் செல்லும். அதற்குமுன் சூல்மீனை விடுதல் தகாது. மாநகராட்சி வழங்கும் காவிரி நீரிற் குளோரின் கலந்திருத்தலின், ஒருநாள் திறந்த வாளியில் வைத்திருந்தே ஊற்றுக. வாரந்தோறும் நாலில் ஒரு பங்கு நீரை மாற்றுதல் போதும். தொட்டி முழுவதையும் ஒரேநாளிற் கழுவிவிடின், நன்மை செய்யும் நுண்ணுயிர்களும் அழியும்.

இனி நோய்களை நோக்குவாம். முதலாவது, குறைப்பேறு. நீரின் திடீர் மாற்றத்தாலும் வலையிற் பிடிக்கும் அச்சத்தாலும், மஞ்சட்கரு ஒட்டிய முதிராக் குஞ்சுகள் வெளிப்படும். அவை பிழைத்தல் அரிது. சூல் முதிர்ந்த மீனை ஞெகிழிப் பையில் அடைத்து நெடுவழி கொண்டுவருதலும் இத்தீங்கை விளைக்கும். ஈனுவதற்கெனச் சிறு பெட்டியில் நாட்கணக்கில் அடைத்துவைத்தலும் நன்றன்று. அடர்ந்த நீர்ப்பாசி இட்டால் தாய்க்கும் மறைவிடமாம். ஈன்ற குஞ்சுகளைப் பெரிய மீன்கள் விழுங்காவண்ணம் காப்புமாம்.

இரண்டாவது, மகோதரம். வயிறு பருத்தலின் இதனைச் சூலென மயங்குவாருளர். மேலிருந்து நோக்குக: செதில்கள் ஊமத்தங்காய் முள்போல் நிமிர்ந்து நின்றால் அது சூலன்று, உள்ளுறுப்புக் கெட்டு உடலில் நீர் கோத்த நிலையாம். இது பெரும்பாலும் தீர்வரிது. அம்மீனைப் பிரித்து வைத்தல் நலம்.

மூன்றாவது, வெண்புள்ளி நோய். உப்புத்தூள் தூவினாற்போல் உடலெங்கும் புள்ளிகள் தோன்றும். இதனை உண்டாக்கும் ஓரணுவுயிர் தோலினுள் உறையும்பொழுது மருந்திற்கு இரையாகாது; நீரில் நீந்தும் பருவத்தேதான் மாயும். ஆதலின் புள்ளி மறைந்தபின்னும் சிலநாள் மருத்துவம் தொடர்தல் வேண்டும். மாலகைட் கிரீன் போன்ற கடுமருந்துகள் கருவைச் சிதைக்கக் கூடுமாகலின், சூல்மீனுக்கு அவற்றைத் தவிர்த்து, லிட்டருக்கு 1 முதல் 2 கிராம் கல்லுப்பைக் கரைத்துச் சிறிதுசிறிதாகச் சேர்த்தல் நன்று. உப்பின் குளோரைடு நைட்ரைட்டு நஞ்சையும் செவுளில் நுழையவொட்டாது தடுக்கும்.

நான்காவது, குடற்புழு. கழிவாயில் செந்நூல்போல் புழு தொங்குதலும், உண்டும் உடல் மெலிதலும் இதன் குறிகள். உரிய புழுநீக்கி மருந்தை மீன்மருத்துவம் அறிந்தார் சொற்படி இடுக.

ஐந்தாவது, ஈனமாட்டாமை. காலங்கடந்தும் ஈனாது தளர்ந்த மீனின் வயிற்றை அமுக்குவாருளர், அது கொலையோடொக்கும். நீரைச் சிறிது மாற்றி, விளக்கணைத்து, அமைதியாக விடுதலே தக்கது. ஓய்வின்றித் துரத்தும் ஆண்களாலும் பெண்மீன் நலிவுறும்; ஓர் ஆணுக்கு மூன்று பெண் என வளர்த்தல் வேண்டும்.

மேற்கூறியவற்றை ஒருங்கே நோக்கின் ஓருண்மை புலப்படும். சூல்மீனைக் கொல்வது பெரும்பாலும் சூலன்று; நாம் அமைத்த நீரும், பொறுமையற்ற நம் கையுமேயாம். ஆதலின் மருந்துக்குப்பியைத் தேடுமுன் நீரைச் சோதித்தல் கடன்.

இறுதியாக ஒன்று. குஞ்சுகள் பெருகியபின் இடமின்மையால் அவற்றை உய்யக்கொண்டான் வாய்க்காலிலோ காவிரியிலோ விடுதல் அருளாகாது. அயல்நாட்டு மீன் பெருகி நம் ஆற்றுச் சிறுமீன்களின் இரையையும் இடத்தையும் கவரும். வேண்டுவார்க்கு வழங்குக, அன்றேல் ஆண் பெண் பிரித்து வளர்க்க. படைத்தவன் மனிதன் கைக்குட்படுத்திய உயிர்களுள் இதுவும் ஒன்று. நாலடித் தொட்டிக்குள் அதன் உலகு முழுவதையும் அடைத்த நாம், அவ்வுலகின் நீருக்கும் காற்றுக்கும் பொறுப்புடையோம் என்பதை மறவாதிருப்போமாக.