பனி நாட்டுக் கார் ஷெட்டுக்கு எந்தத் தரை?

இரண்டாம் ஆண்டு, சிவில் துறை மாணவன்

முன்னுரை

கட்டடப் பொருள்கள் பாடத்தில் தரை வகைகள் என்று ஓர் அத்தியாயம் படிக்கிறோம். சிமெண்ட் தரை, ரெட் ஆக்சைடு தரை, மொசைக், கிரானைட், செராமிக் ஓடு என்று வரிசையாக எழுதி மதிப்பெண் வாங்கி விடுகிறோம். அதில் வெயிலுக்கும் மழைக்கும் விடை உண்டு. உறைபனிக்கு விடை இல்லை. நம் ஊரில் அந்தத் தேவையும் இல்லை. ஆனால் அப்படி ஒரு கேள்வி என்னிடம் வந்து சேர்ந்தது.

எங்கள் தெரு அண்ணன் ஒருவர் கனடா நாட்டு வின்னிபெக் நகரில் மெக்கானிக்காக இருக்கிறார். வீட்டை ஒட்டி இரண்டு கார் நிற்கும் ஷெட். கான்கிரீட் தரைக்குள் வெந்நீர்க் குழாய் ஓடி ஷெட்டைச் சூடாக வைத்திருக்கிறது. பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ளப் போயிருக்கும் அவருடைய அம்மா வீட்டுக்குள் நுழைவதும் அந்தத் தரை வழியாகத்தான். "நீதான் சிவில் படிக்கிறியே தம்பி, தரைக்கு மேல என்ன போடலாம்னு படிச்சுச் சொல்லு. ஒரு தடவைதான் என்னால காசு போட முடியும்" என்றார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான். படித்ததை நம்பி ஒருவர் சேமிப்பைச் செலவழிக்கப் போகிறார் என்றால் பொறுப்போடுதான் பதில் சொல்ல வேண்டும். நூலகத்தில் படித்ததையும், ஆசிரியர்களிடம் கேட்டதையும், கொத்தனாராகிய என் அப்பாவிடம் தெரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே தருகிறேன்.

அந்தத் தரைக்கு என்னதான் ஆகிறது?

வின்னிபெக்கில் ஜனவரி மாதச் சராசரி வெப்பம் மைனஸ் 16 டிகிரி அளவில் இருக்கும். சாலையில் ஐஸ் பிடிக்காமல் இருக்கப் பனி நாடுகளில் உப்பு தூவுகிறார்கள். சாதாரண உப்பாகிய சோடியம் குளோரைடு, உறைநிலையை அதிகபட்சம் மைனஸ் 21 டிகிரி வரைதான் இறக்கும். அதற்கும் கீழே வேலை செய்யக் கால்சியம் குளோரைடும் மெக்னீசியம் குளோரைடும் உண்டு. காரின் அடியிலும் சக்கர வளைவிலும் பனியும் உப்பும் அப்பிக்கொண்டு ஷெட்டுக்குள் வரும். சூடான ஷெட்டில் அது உருகி, உப்புத் தண்ணீராகச் சொட்டும். தண்ணீர் காயும், உப்பு மட்டும் தங்கும். மறுநாள் மறுபடியும் இதே கதைதான்.

இதனால் வரும் கேடு மூன்று வகை.

1. உப்பு கான்கிரீட்டின் நுண்துளைகளில் புகுந்து படிகமாகி மேல் தோலை உரிக்கும். கால்சியம், மெக்னீசியம் குளோரைடுகள் சிமெண்ட் பசையோடு ரசாயன வினையே புரிந்து அதைக் கெடுக்கும்.

2. தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிகிறது. சூடான தரையின் நடுவில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் கதவு ஓரத்தில் உண்டு. உருகிய நீர் அங்கே ஓடி வெளிக்குளிரில் மறுபடி உறையும். இதைத் தாங்கத்தான் பனி நாட்டு கான்கிரீட்டில் நுண்ணிய காற்றுக் குமிழ்களை வேண்டுமென்றே கலக்கிறார்கள். அந்த முறை 1930களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. உறையும் நீருக்கு ஒதுங்க இடம் கொடுப்பவை அந்தக் குமிழ்கள்.

3. வழுக்கல். வழவழப்பான தரையில் மண்ணும் உப்பும் கலந்த நீர் நின்றால், வயதானவர்கள் விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள ஒரு நொடி போதும்.

ஆகவே அழகை மட்டும் வைத்து அங்கே தரை தேர்ந்தெடுக்க முடியாது. உப்பு, ஈரம், வழுக்கல், உள்ளே ஓடும் சூடு ஆகிய நான்குக்கும் பதில் சொல்ல வேண்டும்.

முதலில் வாட்டம்

இதை அப்பாவிடம் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "வாட்டம் எந்தப் பக்கம்?" என்பதுதான். அமெரிக்காவில் பின்பற்றப்படும் வீட்டுக் கட்டட விதித் தொகுப்பும் இதையேதான் சொல்கிறது. கார் நிற்கும் தரை, வடிகாலை நோக்கியோ கதவை நோக்கியோ சரிந்திருக்க வேண்டும். தரையின் மேற்பரப்பு எரியாத பொருளாக இருக்க வேண்டும் என்கிறது. கனடாவுக்குத் தனி விதிகள் உண்டு. ஆனாலும் காரணம் எங்கும் ஒன்றுதான்.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். 6 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்றால் பரப்பு 36 சதுர மீட்டர். காருக்கு 30 கிலோ பனி என்று வைத்துக்கொண்டால் இரண்டு காருக்கு 60 லிட்டர் நீர். சமதளத்தில் பரவினால் 1.7 மி.மீ. உயரம் நிற்கும். 100க்கு 1 என்று வாட்டம் கொடுத்தால் 6 மீட்டருக்கு 6 செ.மீ. இறக்கம் கிடைக்கும், நீர் தானே ஓடிவிடும். வாட்டம் இல்லாத தரைமேல் எவ்வளவு விலையுள்ள பொருளைப் போட்டாலும் குட்டையில் ஊறிக்கொண்டேதான் இருக்கும். கதவுக்குச் சற்று உள்ளே ஒரு நீள வடிகால் இருந்தால் வாசலில் ஐஸ் கட்டாது. அந்த நீரை எங்கே விடலாம் என்பதற்கு உள்ளூர் விதியைப் பார்க்க வேண்டும்.

எந்தெந்த வகைகள் உண்டு?

ஒரே பாகமாக வரும் சாதாரணத் தரை பெயிண்ட்: விலை குறைவு. ஓடி வந்த சூட்டோடு டயர் நிற்கும் இடத்தில் பிய்த்துக்கொண்டு வரும். ஒரு தடவைதான் காசு போட முடியும் என்பவருக்கு ஆகாது.

ஒட்டாமல் கோத்து விரிக்கும் பிளாஸ்டிக் ஓடுகள்: ஒரே நாளில் நாமே விரித்து விடலாம். ஆனால் இணைப்பு வழியாக உப்பு நீர் அடியில் இறங்கித் தங்கும். கழற்றிக் கழுவினால்தான் போகும். பி.வி.சி. ஓட்டில் டயர்க் கறை ஊறிவிடும். வெல்டிங் பொறி விழுந்தால் உருகும். தரைச் சூடு மேலே வருவதையும் தடுக்கும்.

இன்னொன்று விரிவு. பாலிப்ரோப்பிலீன் ஓடு 6 மீட்டர் நீளத்துக்கு, 30 டிகிரி மாற்றத்தில், 18 மி.மீ. வரை நீளும் அல்லது சுருங்கும். கான்கிரீட் 2 மி.மீ. கூட நகராது. சுவர் ஓரம் இடைவெளி விடாவிட்டால் ஓடு நடுவில் தூக்கிக்கொள்ளும்.

போர்சலின் ஓடு: நீர் உறிஞ்சுவது அரை சதவீதத்துக்கு மேல் போகாது, சூட்டையும் நன்றாகக் கடத்தும், எரியாது. ஆனால் அடியில் கலவை முழுதாக நிரம்பாமல் பொள்ளல் இருந்தால் ஜாக்கி வைக்கும் இடத்தில் உடையும். சொரசொரப்பான வகை அல்லாவிட்டால் வழுக்கும்.

எபாக்சி: ரெசினும் ஹார்டனரும் கலந்து பூசுவது. உப்பும் எண்ணெயும் உள்ளே போகாது. தரையும் காற்றும் சுமார் 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் சரியாக இறுகும். நடக்க ஒரு நாள், கார் ஏற்றப் பல நாள் காத்திருக்க வேண்டும். வெயில் பட்டால் மஞ்சளிக்கும்.

பாலிஆஸ்பார்டிக்: சில மணி நேரத்தில் இறுகும், குளிரிலும் இறுகும், மஞ்சளிக்காது. விலை அதிகம். சீக்கிரம் இறுகுவதால் பழக்கம் இல்லாத கை தொடக் கூடாது.

ஊடுருவும் சீலர்: சிலேன் போன்ற திரவத்தைக் கான்கிரீட் உறிஞ்சிக்கொள்ளும். மேலே படலம் எதுவும் நிற்காது. ஆகவே உரிய ஒன்றுமில்லை. நீரும் உப்பும் புகுவதைக் குறைக்கும். உள்ளிருக்கும் ஆவியை வெளியே விடும். செலவு குறைவு. எண்ணெய்க் கறையை மட்டும் தடுக்காது. சில ஆண்டுக்கு ஒரு முறை திரும்பப் பூச வேண்டும்.

பூசும் முன் செய்ய வேண்டியவை

பூச்சு உரிந்தால் பெரும்பாலும் குறை டப்பாவில் இல்லை, தரையில்தான். பழைய சுவரில் கொத்திவிடாமல் பூசினால் பிடிக்காது என்று சித்தாளுக்குக் கூடத் தெரியும். அதே தத்துவம்தான் இங்கும்.

முதலில், புதுக் கான்கிரீட் என்றால் 28 நாள் ஆக வேண்டும்.

இரண்டாவது, ஈரச் சோதனை. ஏ.எஸ்.டி.எம். டி 4263 என்ற முறைப்படி 45 செ.மீ. சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் விட வேண்டும். எடுத்துப் பார்க்கும்போது தாளில் வியர்வை இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ அடியிலிருந்து ஈரம் ஏறுகிறது என்று பொருள். அங்கே படலப் பூச்சு கூடாது.

மூன்றாவது, மேலே படிந்த சிமெண்ட் பாலை வைரக்கல் மெஷினால் தேய்த்து எடுக்க வேண்டும். தண்ணீர் தெளித்தால் முத்தாக நிற்காமல் உறிஞ்ச வேண்டும். முத்தாக நின்றால் எண்ணெயோ பழைய சீலரோ இன்னும் இருக்கிறது.

நான்காவது, தரைச் சூட்டைக் குறைத்து, ஏற்ற இறக்கம் இல்லாமல் வைத்துப் பூச வேண்டும். தரையின் வெப்பம் பனிநிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கண்ணுக்குத் தெரியாத ஈரம் படியும்.

ஐந்தாவது, மேல் பூச்சில் குவார்ட்ஸ் மணலோ அலுமினியம் ஆக்சைடு துகளோ தூவ வேண்டும். இந்தச் செலவை மிச்சம் பிடிக்கவே கூடாது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. கார் தூக்கும் லிப்ட்டுக்கு போல்ட் போடத் தரையில் துளையிட்டால் வெந்நீர்க் குழாய் ஓட்டையாகும். குழாய் ஓடும் வரைபடம் இல்லாமல் துளை போடக் கூடாது. தேய்ப்பதில் பயம் இல்லை; அது மேல் தோலை மட்டும்தான் எடுக்கும்.

முடிவுரை

அண்ணனுக்கு நான் எழுதிய பரிந்துரை இது. ஈரச் சோதனையில் தரை தேறினால், எபாக்சி அடிப்பூச்சும், மணல் தூவிய பாலிஆஸ்பார்டிக் மேல்பூச்சும். தேறாவிட்டாலோ கையில் பணம் போதாவிட்டாலோ, ஊடுருவும் சீலர் பூசி, கார் அடியில் ஓரம் உயர்ந்த ரப்பர் விரிப்பு போட்டு, அதில் தேங்கும் உப்பு நீரை வாரம் ஒரு முறை தள்ளிவிடலாம். இரண்டாவது வழியைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. ஈரத் தரைமேல் விலை உயர்ந்த பூச்சு போட்டு அடுத்த குளிர்காலத்தில் சுரண்டி எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல். எந்த வழியானாலும், வீட்டுக் கதவு வரை ஒரு நடைபாதை அகலத்துக்குச் சொரசொரப்பு இருந்தே ஆக வேண்டும்.

நண்பர்களே, நாளை நாம் மீன் பதப்படுத்தும் நிலையத்திலோ, ஐஸ் பேக்டரியிலோ, வாட்டர் சர்வீஸ் நிலையத்திலோ மேற்பார்வையாளராக நிற்கலாம். அங்கும் உப்பு, ஈரம், வழுக்கல் எல்லாம் உண்டு. கடைக்காரர் கேடலாக்கை விரிக்கும் முன் நாம் கேட்க வேண்டியது நான்கே கேள்விகள்: தண்ணீர் எங்கிருந்து வருகிறது? எந்தப் பக்கம் ஓடுகிறது? அதில் என்ன கரைந்திருக்கிறது? அதன் மேல் யார் நடக்கிறார்கள்? இந்த நான்குக்கும் விடை எழுதிய பிறகு பொருளின் பெயரை எழுதுவோம்.