ஒரே ஊர், இரு பள்ளிகள்: பெற்றோரிடையே வளரும் பிளவு

நம் நாட்டின் கல்வி வளர்ச்சியை மதிப்பிடும்போது பள்ளிகள், ஆசிரியர்கள், நிதி ஒதுக்கீடு ஆகியவற்றையே பெரிதும் கணக்கில் கொள்கிறோம். பெற்றோரை ஒரே மனமும் ஒரே நலனும் உடைய ஒரு தொகுதியாகக் கருதிவிடுகிறோம். உண்மை நிலை அதுவன்று. அடுத்தடுத்த வீடுகளில் வாழும் இரு குடும்பங்களுள் ஒன்று தன் குழந்தையை அரசுப் பள்ளியிலும், மற்றொன்று கட்டணம் செலுத்தித் தனியார் பள்ளியிலும் சேர்க்கின்றது. காலப்போக்கில் அவ்விரு குடும்பங்களுக்கும் இடையே ஒருவகை மன விலக்கம் தோன்றுகின்றது. இதனைத் தனிமனிதர் பூசல் என்று ஒதுக்கிவிட இயலாது. பொதுக் கல்வியின் எதிர்காலமே இதனோடு பிணைந்துள்ளது.

பிளவின் பரப்பு

2021-22ஆம் ஆண்டு நம் நாட்டில் ஏறத்தாழ 14.9 லட்சம் பள்ளிகள் இருந்தன. அவற்றுள் அரசுப் பள்ளிகள் 10.2 லட்சம், அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் சுமார் 3.35 லட்சம். ஊரகப் பகுதிகளில் 6 முதல் 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுள் தனியார் பள்ளிகளில் பயின்றோர், ‘அசர்’ ஆய்வின்படி 2006இல் 18.7 சதவீதம், 2014இல் 30.8 சதவீதம். கொரோனா நோய்ப் பரவலுக்குப் பின்னர், 2022இல் இது 25.1 சதவீதமாகக் குறைந்தது. அரசுப் பள்ளிகளின் பங்கோ 2018இல் 65.6 சதவீதமாக இருந்து 2022இல் 72.9 சதவீதமாக உயர்ந்து, 2024இல் மீண்டும் 66.8 சதவீதமாயிற்று.

இவ்வெண்கள் ஒன்றைத் தெளிவாக்குகின்றன. வருவாய் குன்றியபோது அரசுப் பள்ளியை நாடியவர்களுள் பெரும்பாலோர், நிலைமை சீரானதும் அங்கே நிலைத்திருக்கவில்லை. துன்பக் காலத்துப் புகலிடமாக மட்டும் ஒரு பள்ளி கருதப்படுமாயின், அதனைச் சீர்செய்ய யார் முன்வருவர் என்ற கேள்வி எழுகின்றது.

இரு தரப்பு நியாயங்கள்

தனியார் பள்ளியைத் தேர்ந்தெடுத்த பெற்றோரின் வாதங்களை எளிதில் புறக்கணிக்க இயலாது. ஆங்கில வழிக் கல்வி, ஆசிரியரின் தவறாத வருகை, கேள்வி கேட்டால் பதில் கூறும் நிருவாகம் ஆகியவற்றை அவர்கள் எதிர்பார்க்கின்றனர். அரசுக்கு வரியும் பள்ளிக்குக் கட்டணமும் செலுத்தி இருமுறை சுமை தாங்குவதாக எண்ணுகின்றனர். இவர்கள் எல்லோரும் செல்வர்களும் அல்லர். கூலி வேலை செய்தும் கடன் பெற்றும் கட்டணம் செலுத்துவோர் இவர்களுள் பலர்.

அரசுப் பள்ளிப் பெற்றோரின் மனக்குறை வேறு வகையானது. தம் தேர்வு, இயலாமையின் அடையாளமாகப் பிறரால் பார்க்கப்படுவது அவர்களைப் புண்படுத்துகின்றது. ஊரில் செல்வாக்குடையோர் தம் பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு, ஊர்ப் பள்ளியின் குறைகளை மட்டும் எடுத்துரைப்பது அவர்களுக்கு நியாயமாகத் தோன்றுவதில்லை. அரசுப் பள்ளி ஆசிரியரே தம் குழந்தையைத் தனியார் பள்ளியில் சேர்க்கும்போது இக்குறை மேலும் ஆழமாகின்றது. ஒரே குடும்பத்திற்குள்ளும் இப்பிளவு நுழைவதுண்டு. மகனைத் தனியார் பள்ளிக்கும் மகளை அரசுப் பள்ளிக்கும் அனுப்பும் வழக்கம் பல மாநிலங்களில் காணப்படுகின்றது.

பள்ளி தேயும் விதம்

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்னும் பொருளியல் அறிஞர் 1970இல் வெளியிட்ட நூலில், ஒரு நிறுவனத்தின் தரம் குறையும்போது அதனைப் பயன்படுத்துவோர் முன் இரு வழிகள் உள்ளன என்று விளக்கினார். ஒன்று வெளியேறுதல், மற்றொன்று குரல் எழுப்புதல். தரத்தைப் பற்றி மிகுதியாகக் கவலைப்படுவோரே முதலில் வெளியேறுவாராயின், எஞ்சியோரின் குரல் வலுவிழக்கும் என்பது அவர் கருத்து.

இதனை நம் சட்ட விதிகளைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி, ஐந்து வகுப்புகள் கொண்ட தொடக்கப் பள்ளியில் 91 முதல் 120 குழந்தைகள் வரை இருந்தால் நான்கு ஆசிரியர்கள் இருத்தல் வேண்டும். 61 முதல் 90 வரையெனில் மூவர். 60 வரையெனில் இருவர். 120 குழந்தைகள் பயிலும் பள்ளியிலிருந்து 60 பேர் விலகினர் எனக் கொள்வோம். ஓர் ஆசிரியருக்கு 30 குழந்தைகள் என்ற விகிதம் மாறுவதில்லை. ஆனால் ஐந்து வகுப்புகளை இரண்டே ஆசிரியர்கள் நடத்தும் நிலை ஏற்படுகின்றது. ஒருவர் விடுப்பில் சென்றால் பள்ளி முழுவதும் மற்றொருவர் பொறுப்பாகிவிடும். இதனைக் காணும் மேலும் சில பெற்றோர் விலகுகின்றனர். ஒவ்வொருவரும் தம் குழந்தையின் நன்மை கருதியே முடிவு செய்கின்றனர். எனினும் அம்முடிவுகளின் கூட்டு விளைவை எஞ்சிய குழந்தைகளே சுமக்கின்றனர்.

கோத்தாரி குழு கண்ட வழி

இச்சிக்கலைக் கோத்தாரி கல்விக் குழு 1966இலேயே முன்னுணர்ந்தது. சாதி, சமயம், வருவாய் என்ற வேறுபாடின்றி அப்பகுதிக் குழந்தைகள் அனைவரும் பயிலும் அருகமைப் பள்ளிகளைக் கொண்ட பொதுப் பள்ளி முறையை அது பரிந்துரைத்தது. பிரித்து வைக்கும் கல்வி ஏழைக் குழந்தைகளுக்கு மட்டுமன்றி, நாட்டின் வாழ்க்கையை அறியாது வளரும் வசதி படைத்த குழந்தைகளுக்கும் தீங்கானது என்று அது எடுத்துக்காட்டியது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை பொதுப் பள்ளி முறையை ஏற்றுக்கொண்டது. ஆயினும் அது நாடெங்கும் நடைமுறைக்கு வரவில்லை.

இருபத்தைந்து சதவீத இடங்கள்

2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் வேறொரு பாதையை மேற்கொண்டது. அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகள் நுழைவு வகுப்பில் குறைந்தது 25 சதவீத இடங்களை நலிந்த, பின்தங்கிய பிரிவுக் குழந்தைகளுக்கு அளித்தல் வேண்டும். அரசு ஒரு குழந்தைக்குச் செலவிடும் தொகை, பள்ளியின் உண்மைக் கட்டணம் ஆகிய இரண்டில் எது குறைவோ அதனை அரசு ஈடு செய்யும். 2012இல் உச்ச நீதிமன்றம் இதனை உறுதி செய்தது. 2014இல் சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு விலக்கு அளித்தது.

இவ்விதி இரு தரப்பினரையும் ஒரே வகுப்பறையின் வாயிலில் நேருக்கு நேர் நிறுத்தியது. ஈட்டுத்தொகை தாமதமாகும்போது சுமை தம்மீது விழும் எனக் கட்டணம் செலுத்தும் பெற்றோர் அஞ்சினர். இலவச இடம் பெற்றோரோ சீருடை, பேருந்து, சுற்றுலா முதலிய செலவுகளில் தாம் வேறுபடுத்தப்படுவதாக முறையிட்டனர். 2024இல் மகாராஷ்டிர அரசு, ஒரு கிலோமீட்டர் தொலைவுக்குள் அரசுப் பள்ளியோ உதவி பெறும் பள்ளியோ இருப்பின், தனியார் பள்ளிக்கு இக்கடமையிலிருந்து விலக்கு அளித்தது. அவ்வாண்டே பம்பாய் உயர் நீதிமன்றம் அதனைச் செல்லாதது என அறிவித்தது.

ஆய்வுகள் உணர்த்துவன

அச்சங்கள் எவ்வளவு உண்மை என்பதை ஆய்வுகள் ஓரளவு தெளிவாக்கியுள்ளன. ஆந்திரப் பிரதேசத்தில் குலுக்கல் முறையில் உதவித்தொகை வழங்கித் தனியார் பள்ளிக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள், நான்கு ஆண்டுகளுக்குப் பின்னர் தெலுங்கிலும் கணிதத்திலும் மற்றவரைவிட மேம்படவில்லை, இந்தியில் மேம்பட்டனர். ஆனால் தனியார் பள்ளிகளின் செலவு அரசுப் பள்ளிச் செலவில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. குறைந்த ஊதியம் பெறும் ஆசிரியர்கள் இதற்கு முக்கியக் காரணம். அரசுப் பள்ளியிலேயே தங்கிய குழந்தைகளின் மதிப்பெண் அக்காலத்தில் குறையவில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. 2015இல் வெளியான இவ்வாய்வு, இரு தரப்பினரின் உறுதியான நம்பிக்கைகளையும் ஒருசேர மறுபரிசீலனைக்கு உட்படுத்துகின்றது.

டில்லியின் வசதி மிக்க தனியார் பள்ளிகளில் ஏழை மாணவர்கள் சேர்க்கப்பட்டதைப் பற்றிய மற்றோர் ஆய்வு 2019இல் வெளிவந்தது. அவர்களுடன் பயின்ற வசதியான மாணவர்களிடம் ஈகைக் குணம் மிகுந்திருந்தது. ஏழையரை ஒதுக்கும் மனப்பான்மை குறைந்திருந்தது. கணிதம், இந்தி மதிப்பெண்களில் பாதிப்பில்லை. ஆங்கிலத்தில் மட்டும் சிறிது குறைவு காணப்பட்டது. பெற்றோரின் அச்சத்திற்குச் சிறிது அடிப்படை உண்டு. ஆனால் கிடைக்கும் பயன் அதனினும் பெரிது.

செய்ய வேண்டுவன

ஆணையால் மட்டும் இப்பிளவை அகற்றிவிட முடியாது. அரசிடம் ஊதியம் பெறுவோர் தம் குழந்தைகளை அரசுப் பள்ளிகளுக்கே அனுப்ப வகைசெய்யுமாறு அலகாபாத் உயர் நீதிமன்றம் 2015இல் உத்தரப் பிரதேச அரசுக்குக் கட்டளையிட்டது. அது செயல்வடிவம் பெறவில்லை. மாறாக, 2017இல் பொதுக் கல்விப் பாதுகாப்பு இயக்கத்தைத் தொடங்கிய கேரளம், 45,000 வகுப்பறைகளில் நவீனக் கருவிகளை அமைத்து, பெற்றோரின் நம்பிக்கையை மீட்க முற்பட்டது. அரசுப் பள்ளி மாணவர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வழங்கித் தமிழ்நாடு 2020இல் இயற்றிய சட்டமும், அப்பள்ளிகளின் மதிப்பை உயர்த்தும் முயற்சியேயாகும்.

இவற்றினின்று மூன்று படிப்பினைகள் பெறலாம். முதலாவதாக, சிறிய தொடக்கப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கையை மட்டும் கொண்டு ஆசிரியரைக் குறைக்காது, வகுப்புகளின் எண்ணிக்கையையும் கருத வேண்டும். இரண்டாவதாக, தனியார் பள்ளிகளுக்குரிய ஈட்டுத்தொகை உரிய காலத்தில் வழங்கப்படுதல் வேண்டும். மூன்றாவதாக, பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு உயிரூட்ட வேண்டும். சட்டப்படி அதன் உறுப்பினருள் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர் அல்லது பாதுகாவலர். பாதிப் பேர் பெண்கள். கூட்டப் பதிவேட்டில் கையொப்பம் பெறுவதோடு அதன் பணி முடிந்துவிடலாகாது.

தனியார் பள்ளியில் குழந்தையைச் சேர்த்தவருக்கும் ஊர்ப் பள்ளியின்பால் கடமை உண்டு. அவர் செலுத்தும் வரியில் அது நடைபெறுகின்றது. அவரது வருவாய் குன்றினால் அவர் குழந்தைக்கும் அதுவே இடமளிக்கும். அடுத்த வீட்டாரின் தேர்வை இகழாது, ஊர்ப் பள்ளியின் ஆசிரியர் பணியிடத்திற்காக இரு வீட்டாரும் ஒரே விண்ணப்பத்தில் கையொப்பமிடும் நிலை வருமாயின், பிளவின் பெரும்பகுதி தானே அகன்றுவிடும்.